29 போட்டிகள்

கடற்கரைச் சாலையில் காலை நடை முடிந்து உட்காரும்போது எங்கள் பேச்சு பெரும்பாலும் சர்க்கரை அளவையும் டி.ஏ. உயர்வையும் தாண்டாது. சென்ற வாரம் எப்படியோ குத்துச்சண்டைக்குப் போய்விட்டது. உக்ரைன் வீரர் லொமாச்சென்கோ 2025-இல் ஓய்வு பெற்றதை ஒரு நண்பர் எடுத்தார். "தொழில்முறையில் மொத்தமே 21 போட்டி. அதில் மூன்று தோல்வி. இவரையும் மகத்தான வீரர் என்றால் சுகர் ரே ராபின்சனை என்னவென்று சொல்வது?" என்றார். ராபின்சன் 1940 முதல் 1965 வரை ஏறத்தாழ 200 முறை மேடை ஏறியவர். கேள்வியில் நியாயம் இருக்கிறது.

அரசுப் பணியில் இருந்தவர்களுக்கு இந்தக் கணக்கு சீக்கிரம் பிடிபடும். பத்து வருடம் முடிக்காதவருக்கு மாதப் பென்ஷன் கிடையாது. முழுப் பென்ஷனுக்கு அப்போது 33 வருடம் வேண்டும். ஒருவர் எப்படி வேலை செய்தார் என்று அந்தக் கணக்கு கேட்பதில்லை. எத்தனை வருடம் என்று மட்டும்தான் கேட்கும். பென்ஷனுக்கு அது சரி. குத்துச்சண்டைக்கும் அதே அளவுகோல் போதுமா என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

முதலில் ஒருவருடைய காலம் ஏன் குறுகியது என்று பார்க்க வேண்டும். ராக்கி மார்சியானோ 49 போட்டிகளிலும் வென்று, 1956-இல் தானாகவே விலகிக்கொண்டார். மெக்சிகோவின் சல்வடோர் சான்செஸ் 23 வயதில், 1982 ஆகஸ்டில், கார் விபத்தில் இறந்தார். அதற்கு மூன்று வாரம் முன்புதான் அஸுமா நெல்சனை வென்றிருந்தார். அதற்கு முந்தைய வருடம் வில்ஃப்ரெடோ கோமெஸை. இருவருமே பெரிய பெயர்கள். லொமாச்சென்கோவோ இரண்டு ஒலிம்பிக் தங்கம் வாங்கிய பிறகே தொழில்முறைக்கு வந்தவர். மூன்றாவது போட்டியிலேயே உலகப் பட்டம் வென்றார்.

என் மனதில் இருப்பவர் வேறொருவர். ஹங்கேரியின் லாஸ்லோ பாப்.

இந்தப் பெயரை எனக்குச் சொன்னவர் எங்கள் தெருவில் இருந்த ஒரு சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷனில் வந்தவர்களை நாங்கள் அப்படித்தான் அழைப்போம் என்பது புதுச்சேரி வாசகர்களுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் எங்கள் முசியேக்களுக்குக் குத்துச்சண்டை என்றால் மார்செல் செர்தான் ஒருவர்தான். அதிலும் பாதிப் பேச்சு எதித் பியாஃப் பற்றியதாக இருக்கும். சொல்தா மாமாவுக்குச் செர்தானைப் பிடிக்கும், ஆனால் பாப் என்றால் உயிர். பாப் இடது கையால் குத்தும் முறையைத் திண்ணையில் உட்கார்ந்தபடியே காட்டுவார்.

பாப் 1926-இல் புடாபெஸ்ட்டில் பிறந்தவர். 1948-இல் லண்டன், 1952-இல் ஹெல்சிங்கி, 1956-இல் மெல்போர்ன் என மூன்று ஒலிம்பிக்கிலும் தங்கம். குத்துச்சண்டையில் மூன்று தங்கம் வாங்கிய முதல் மனிதர் அவர்தான். மெல்போர்ன் போட்டிகள் தொடங்கியபோது, புடாபெஸ்ட்டில் சோவியத் டாங்கிகள் மக்கள் எழுச்சியை நசுக்கி மூன்று வாரம்கூட ஆகவில்லை. அந்த நிலையில் இறுதிச் சுற்றில் அவர் வென்றது ஹோசே தோரெஸை. பின்னாளில், 1965-இல், உலக லைட் ஹெவிவெயிட் பட்டம் வென்ற அதே தோரெஸ்.

அடுத்த வருடம், 31 வயதில், தொழில்முறைக்கு வந்தார். பலர் ஓய்வை யோசிக்கிற வயது. கம்யூனிஸ்ட் ஹங்கேரியில் தொழில்முறைக் குத்துச்சண்டைக்கே இடமில்லை. அரசின் தனி அனுமதியோடு வியன்னாவில் பயிற்சி எடுத்து, வெளிநாட்டு மேடைகளில் மோதினார். 1962-இல் வியன்னாவில், டென்மார்க்கின் கிறிஸ்டென்சனை வென்று ஐரோப்பிய மிடில்வெயிட் பட்டத்தைப் பெற்றார். அதைக் கடைசிவரை யாரும் அவரிடமிருந்து பறிக்கவில்லை. மொத்தம் 29 போட்டி. 27 வெற்றி, 2 சமன், தோல்வி ஒன்றுகூட இல்லை.

அடுத்தது உலகப் பட்டம்தான். அப்போது அமெரிக்காவின் ஜோயி ஜியார்டெல்லோ சாம்பியன். அவரோடு மோத வேண்டிய கட்டத்தில் ஹங்கேரி அரசு அனுமதியைத் திரும்பப் பெற்றது. காசுக்குக் குத்துவது சோஷலிசத்துக்குப் பொருந்தாது என்றார்கள். அந்தப் பொருத்தமின்மை ஏழு வருடம் அவர்கள் கண்ணில் படவில்லை போலும்! அதோடு அவருடைய தொழில்முறை வாழ்க்கை முடிந்தது.

இந்த இடத்தில் எனக்குக் கோபம் வருவதற்குக் காரணம் உண்டு. நான் பணியாற்றிய ஒரு அலுவலகத்தில் நன்றாக வாலிபால் ஆடும் ஒரு இளைஞன் இருந்தான். வெளி மாநிலப் போட்டிக்குப் போக அனுமதி கேட்டு எழுதிக் கொடுத்தான். மறுப்பு என்று யாரும் எழுதவில்லை. 'பேசவும்' என்று ஓரத்தில் ஒரு குறிப்பு, அடுத்த மேஜை, அங்கே ஒரு விளக்கம் கேட்டல், மறுபடி பழைய மேஜை. கோப்பு திரும்பி வந்தபோது போட்டி முடிந்து எட்டு நாள். அடுத்த வருடம் அவன் கேட்கவே இல்லை. அவன் சர்வீஸ் புத்தகத்தைப் புரட்டினால் இதில் எதுவும் இருக்காது. 31 வருடம், அப்பழுக்கற்ற பணி என்றுதான் இருக்கும்.

நண்பர் சொன்ன மறுபக்கத்தையும் ஒதுக்க முடியாது. அமெச்சூர் போட்டி அந்நாளில் மூன்று சுற்று. உலகப் பட்டப் போட்டி 15 சுற்று. பத்தாவது சுற்றுக்கு மேல் கால் கனக்கும்போதுதான் ஆள் தெரியும் என்பார்கள். ராபின்சன் தோற்றார், திரும்பி வந்தார், மறுபடி பட்டம் வென்றார். அந்தச் சோதனை பாப்புக்கு நேரவில்லை. ஜியார்டெல்லோவையோ டிக் டைகரையோ சந்திக்காத ஒருவரை மிடில்வெயிட்டின் முதல் ஐந்து பேரில் வைக்க நானும் துணிய மாட்டேன். வரிசை போடுவது வேறு விஷயம். மகத்தானவரா என்று மட்டும் கேட்டால், பன்னிரண்டு வயதில் அந்தத் திண்ணையில் சொன்ன பதிலைத்தான் இன்றும் சொல்வேன். எதிரே நிறுத்தப்பட்ட ஒவ்வொருவரையும் தொழில்முறையில் 38 வயது வரை தோற்காமல் சந்தித்தவரிடம், நிறுத்தப்படாதவனை ஏன் வெல்லவில்லை என்று கேட்பது எந்த விதத்தில் சேர்த்தி?

பாப் நாட்டை விட்டு ஓடவில்லை. ஹங்கேரி அணிக்கே பல வருடம் பயிற்சியாளராக இருந்தார். 2001-இல் அமெரிக்காவில் உள்ள சர்வதேசக் குத்துச்சண்டைப் புகழ் மண்டபத்தில் அவர் பெயரைச் சேர்த்தார்கள். 2003-இல் காலமானார். புடாபெஸ்ட்டின் பெரிய விளையாட்டரங்கம் இப்போது அவர் பெயரில்தான் இருக்கிறது.

ஜியார்டெல்லோவோடு அந்தப் போட்டி நடந்திருந்தால்? சொல்தா மாமாவைக் கேட்டால் எட்டாவது சுற்றில் நாக்-அவுட் என்பார், யோசிக்காமல். எனக்கு அவ்வளவு துணிச்சல் இல்லை. 15 சுற்றும் போயிருக்கும். பாயிண்டில், ஒரு நடுவர் மாறி எழுதியிருக்க, பாப் ஜெயித்திருப்பார் என்று வைத்திருக்கிறேன். உங்கள் கணிப்பு வேறாக இருந்தால் எழுதுங்கள்.