அஸோத்

பிரெஞ்சு மீடியத்தில் படித்த எங்களுக்கு நைட்ரஜன் என்றால் 'அஸோத்'. 1787-இல் லவுவாசியே முதலானோர் கிரேக்கத்திலிருந்து எடுத்து வைத்த பெயர். 'உயிரற்றது' என்று பொருள். அதை மட்டும் சுவாசித்தால் எந்தப் பிராணியும் பிழைக்காது.

காற்றில் 78 சதவீதம் அதுதான். ஆனாலும் நெற்பயிரால் அதை நேரே எடுத்துக்கொள்ள முடியாது. பாகூர் பக்கம் வேலை பார்த்தபோது, நடவுக்கு முன் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுவதைப் பார்த்திருக்கிறேன். அதன் வேரில் சின்னச் சின்ன முடிச்சுகள் இருக்கும். அவற்றிலுள்ள பாக்டீரியா, காற்றின் அஸோத்தைச் செடிக்கு உணவாக்கும். செடி மக்கினால் அது மண்ணுக்கு, பிறகு நெல்லுக்கு, சோறாய் நமக்கு, வைக்கோலாய் மாட்டுக்கு, சாணமாய் மறுபடி மண்ணுக்கு. ஒரு பங்கை வேறு நுண்ணுயிர்கள் காற்றுக்கே திருப்பி அனுப்பிவிடும்.

யூரியா வந்தபின் தக்கைப்பூண்டு குறைந்தது. யூரியாவும் காற்றிலிருந்து ஆலையில் பிடித்ததுதான். அதைக் குறை சொல்லவில்லை. அளவுக்கு மேல் போட்டால், பயிர் எடுத்தது போக மீதி நைட்ரேட்டாகி நிலத்தடி நீரில் இறங்குகிறது. அந்தத் தண்ணீரில் கலக்கிய புட்டிப்பால் கைக்குழந்தைக்கு ஆபத்து.

நிலம் வைத்திருக்கும் நண்பர்களே, அடுத்த நடவுக்கு முன் ஒரு காணியிலாவது தக்கைப்பூண்டு விதையுங்கள். 45 நாளில் மடக்கி உழுதுவிடலாம்.