சீமை ஓட்டுப் பள்ளிக்கூடம்

2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து விழுந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அதற்கு அடுத்த வாரங்களில் தமிழ்நாடு முழுக்கப் பழுதடைந்த பள்ளிக் கட்டடங்களைக் கணக்கெடுத்து இடிக்கும் வேலை தொடங்கியது. திருப்பூருக்கும் அவிநாசிக்கும் நடுவே இருக்கிற எங்கள் ஊருக்கும் பொறியாளர்கள் வந்தார்கள். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி வளாகத்தில் இரண்டு கட்டடங்கள். ஒன்று பிற்காலத்தில் கட்டிய கான்கிரீட் கட்டடம். மற்றது ஜில்லா போர்டு காலத்துச் சீமை ஓட்டுக் கட்டடம். கூடி நின்றவர்கள் எல்லோரும் கை காட்டியது ஓட்டுக் கட்டடத்தைத்தான்.

அவர்கள்மேல் எனக்கு வருத்தம் கிடையாது. 2004 ஜூலை 16-ல் கும்பகோணத்தில் கீற்றுக் கூரை எரிந்து 94 பிள்ளைகள் போனார்களே, அன்றிலிருந்து இந்த மாநிலத்தில் பிள்ளையைப் பள்ளியில் விடுகிற எந்தத் தாயும் ஒருமுறை கூரையை அண்ணாந்து பார்க்காமல் திரும்புவதில்லை. பழசு என்றாலே பயம். அந்தப் பயத்துக்கு நியாயம் உண்டு.

ஆனால் பொறியாளர் சுத்தியலால் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னது வேறு. கான்கிரீட் கட்டடத்தின் மேல்தளம் பொரிந்து, துருப்பிடித்த கம்பி வெளியே தெரிந்தது. உடனே கவனிக்க வேண்டியது அதுதான் என்றார். ஓட்டுக் கட்டடத்தில் கருங்கல் அடித்தளம் அசையவில்லை. சுண்ணாம்பில் கட்டிய செங்கல் சுவர் ஒன்றரை அடி கனத்தில் நேராக நின்றது. மேற்குப் பக்கத்தில் மட்டும் ஓடு தாங்கும் ரீப்பரும் சில சட்டங்களும் உளுத்திருந்தன. “இதை இடிக்க வேண்டியதில்லைங்க, சரி பண்ணலாம். ஆனா சரி பண்றதுக்கு ஆள் வேணும்” என்று சொல்லிவிட்டுப் போனார். எங்கள் ஊரில் பணம் தர ஆள் உண்டு. அவர் கேட்டது வேறு வகை ஆள் என்பது வேலையில் இறங்கிய பிறகுதான் எங்களுக்கு விளங்கியது.

திருப்பூர் வட்டாரத்தில் பள்ளிக்குக் கொடுப்பது புதிய பழக்கமில்லை. பனியன் கம்பெனி வைத்து ஓரளவு நிமிர்ந்தவர்கள் வகுப்பறை கட்டித் தருவார்கள், பெஞ்சு வாங்கித் தருவார்கள், குடிநீர் இயந்திரம் வைப்பார்கள். புதிதாகக் கட்டினால் திறப்பு விழா உண்டு, கல்வெட்டு உண்டு. தன் தாய் தகப்பன் பெயரை ஒரு கல்லில் பார்க்க ஆசைப்படுவதில் தப்பே இல்லை. உளுத்த சட்டத்தை எடுத்துவிட்டு வேறு சட்டம் வைத்தால் எந்த இடத்தில் கல்வெட்டு வைப்பது? நன்கொடை கேட்டுப் போன இடமெல்லாம் “புதுசாவே ஒண்ணு கட்டிரலாமுங்க, நான் தர்றேன்” என்றுதான் சொன்னார்கள். முழு மனசோடுதான் சொன்னார்கள். வேண்டாம் என்று சொல்லி, பழுது பார்க்கத் தாருங்கள் என்று கேட்பது கடினமாக இருந்தது.

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். இந்த மாநிலத்தின் தொடக்கப் பள்ளிகளில் பாதிக்கு மேல் ஊரார் கையால் எழுந்தவை என்றே நான் நினைக்கிறேன். விருதுநகரில் காமராஜர் படித்த க்ஷத்திரிய வித்யாசாலா, வீட்டுக்கு வீடு பிடி அரிசி எடுத்து நடந்த பள்ளி. உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியைத் தனியே போட்டுவைத்தார்கள் பெண்கள். அப்படிப் படித்தவர் முதலமைச்சரானபோது, கல்வித் துறை இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலுவோடு சேர்ந்து பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளைத் தொடங்கினார். 1958-ல் திருவள்ளூர்ப் பக்கம் கடம்பத்தூரில் தொடங்கி, மாவட்டம் மாவட்டமாக அந்த இயக்கம் பரவியது. பள்ளிக்கு என்ன குறை என்று ஆசிரியர்கள் முதலில் பட்டியல் போடுவார்கள். மேசை, கடிகாரம், கரும்பலகை, வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு, சுற்றுவேலி, குடிதண்ணீர்ப் பானை, மதிய உணவுக்கு அண்டா. ஊரார் அதைப் பார்த்துத் தங்களால் முடிந்ததை ஏற்றுக்கொள்வார்கள். மாநாட்டு நாளில் எல்லாம் ஊர்வலமாக வரும். அந்தப் பட்டியல்களில் எனக்குப் பிடித்தது வெள்ளையடிப்பதும் வேலி கட்டுவதும் கட்டடத்துக்குச் சமமாக இடம் பெற்றிருந்ததுதான். பழுதுபார்ப்பும் கொடைதான் என்று அந்தத் தலைமுறைக்குத் தெரிந்திருந்தது.

திருப்பூரிலேயே பிறந்த தி.சு. அவிநாசிலிங்கத்தையும் இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணக் கல்வி அமைச்சராக இருந்தவர். அதற்கு முன்பே, 1930-ல், கோவையில் ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயத்தைத் தொடங்கினார். பிள்ளை கைவேலை செய்துகொண்டே படிக்க வேண்டும், பள்ளியின் மண்ணையும் மரத்தையும் பிள்ளையே பேண வேண்டும் என்ற காந்தியக் கல்வியில் ஊறியவர். நூல் நூற்ற ஊர் பனியன் தைக்கும் ஊராக மாறியபோது வேறு பலதும் மாறிப்போயின.

வேலைக்கு வருகிறேன். முதல் சிக்கல் ஓடு. மங்களூரில் 1865-ல் பேசல் மிஷன் பாதிரிமார் தொடங்கிய ஓட்டுத் தொழிற்சாலையில் பிறந்த வடிவம் இது. ஒன்றோடு ஒன்று பல் கோத்து நிற்கும். நாட்டு ஓட்டைப் போல அடுக்கடுக்காகப் பாரம் ஏற்றாது. அதனால்தான் பள்ளிக்கூடம், ரயில் நிலையம், ஆஸ்பத்திரி என்று எல்லாப் பொதுக் கட்டடத்திலும் ஏறியது. மங்களூரிலும் கோழிக்கோட்டுப் பக்கமும் இருந்த தொழிற்சாலைகளில் பல மூடிவிட்டன. எங்களுக்கு ஓடு கிடைத்தது திருப்பூருக்குள்ளேயே. பழைய வீடுகளை இடித்துக் கம்பெனி கட்டுகிற இடங்களில் ஓடுகளைப் பிரித்து அடுக்கி விற்கிறார்கள். அச்சுக்கு அச்சு பல் மாறும் என்பதால், ஓர் ஓட்டைக் கையில் எடுத்துக்கொண்டு இடம் இடமாகப் போய்க் கோத்துப் பார்த்துத்தான் வாங்கினோம்.

மேற்குப் பக்கம் மட்டும் ஏன் உளுத்தது? ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று மேற்குச் சரிவில் முட்டி ஓட்டை லேசாகத் தூக்கி நகர்த்திவிடும். அப்போது மழை பெரிதாக இருக்காது, யாரும் கவனிக்க மாட்டார்கள். ஐப்பசியில் அடைமழை வரும்போது அந்த இடுக்கு வழியே தண்ணீர் இறங்கி ரீப்பரில் நிற்கும். ஈரம் நின்ற இடத்துக்குக் கரையான் வரும். எங்கள் பனியன் தொழிலில் இதை நன்றாகவே அறிவோம்: பின்னல் துணியில் ஒரு கண்ணி நழுவியதை செக்கிங் மேசையிலேயே பார்த்துவிட்டால் ஒரு நிமிட வேலை, டையிங் போய்த் திரும்பி வந்தால் அது விரல் நுழையும் ஓட்டை. நகர்ந்த ஓடுகளை ஆடி முடிந்ததும் ஒருவர் ஏறித் தள்ளிவிட்டிருந்தால் இத்தனை சட்டம் போயிருக்காது. முன்பு ஊரில் அதற்கென்றே ஓர் ஆசாரி இருந்தார். அவர் போன பிறகு யாரும் ஏறவில்லை.

இரண்டாவது சிக்கல் சுவர். எப்போதோ ஒரு நிதியில் சுவரின் அடிப்பகுதிக்கு மூன்றடி உயரம் சிமெண்ட் பூசி, அதன்மேல் எண்ணெய்ப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். நல்லெண்ணத்தில் செய்ததுதான். ஆனால் சுண்ணாம்புச் சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக் காற்றில் விடும். வெளியே விடாமல் சிமெண்ட் அடைத்துவிட்டால் ஈரம் உள்ளேயே மேலேறும், கூடவே உப்பும் ஏறும். பூச்சுக்கு மேலே உப்புப் பூத்து, செங்கல் மாவாக உதிர்ந்துகொண்டிருந்தது. புதிதாகச் சிமெண்ட் பூசிவிடலாமா என்று கேட்டபோது, கோயில் வேலை செய்து பழகிய ஒரு வயதான கொத்தனார் சொன்னார்: “பூச்சு நிக்குமுங்க. சுவரு நிக்காதுங்க.” அதற்குமேல் நாங்கள் வாதாடவில்லை.

சிமெண்ட்டைக் கொத்தி எடுத்து, சுவரைக் கோடை முழுக்க வெறும் உடம்போடு காயவிட்டோம். பார்த்தவர்கள் வேலை நின்றுவிட்டது என்றார்கள். காய்வதுதான் வேலை என்று புரியவைக்கப் பாடுபட வேண்டியிருந்தது. பிறகு நீற்றிய சுண்ணாம்பைத் தொட்டியில் ஊறவைத்து, மணல் சேர்த்து அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டுப் பூசினார்கள். சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கரியமில வாயுவை மெல்ல மெல்ல வாங்கித்தான் மறுபடி கல்லாகும். அவசரப்படுத்த முடியாது.

இதில் தண்ணீர் ஒரு தனிக் கதை. பள்ளியின் ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீர் உப்பு. அதில் சுண்ணாம்பு குழைத்தால் எடுத்த உப்பை நாமே மறுபடி சுவருக்குள் வைத்ததாகும். நொய்யல் வட்டாரத்தில் நிலத்தடி நீர் எப்படி இப்படி ஆனது என்று நான் சொல்லத் தேவையில்லை. சாயக் கழிவால் ஆறும் கிணறுகளும் கெட்டு, விவசாயிகள் வழக்குப் போட்டு, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அதன் பிறகு கழிவை வெளியே விடாமல் சுத்திகரித்து மறுபடி பயன்படுத்தும் முறை வந்தது. ஆனாலும் நிலத்துக்குள் இறங்கிய உப்பு அவ்வளவு சீக்கிரம் போகாது. பூச்சு வேலைக்கு நல்ல தண்ணீரை லாரியில் வாங்கினோம். எங்கள் தொழில் வைத்த கடனில் ஒரு துளியை ஒரு பள்ளிச் சுவரில் அடைத்ததாக நான் எடுத்துக்கொண்டேன்.

கட்டடத்தைவிட மைதானம்தான் என் மனசைப் பிடித்துவைத்தது. வருஷக்கணக்காகக் கட்டட இடிபாட்டைக் கொட்டிக் கொட்டித் தரை உயர்ந்து, கருங்கல் அடித்தளத்தின் மேல்வரி வரை மண் ஏறியிருந்தது. சுவருக்கு ஈரம் வந்த வழி அதுவும்தான். முன்பக்கம் பேவர் பிளாக் கல் பதித்திருந்தார்கள். வேப்ப மரத்தின் அடியைச் சுற்றிச் சிமெண்ட் திண்ணை. மரம் பெருக இடமில்லாமல் திண்ணையே வெடித்திருந்தது. சித்திரை வெயிலில் அந்தக் கல்லில் பிள்ளைகள் கால் வைக்க முடியாது. இடிபாட்டை அள்ளித் தரையைப் பழைய மட்டத்துக்கு இறக்கினோம். சுவரோரம் மழைநீர் ஓட வாய்க்கால் எடுத்தோம். கல்லைப் பெயர்த்துவிட்டுச் செம்மண் பரப்பினோம். கல்லைப் பெயர்த்ததற்குத்தான் ஊரில் பெரிய எதிர்ப்பு. “நல்லா இருக்கறத ஏனுங்க பேக்கறீங்க? மழைக்குச் சேறாகாதா?” என்று கேட்டார்கள். ஆகும். ஐந்து வயதுப் பிள்ளைக்குச் சேறு வேண்டும் என்பது என் கட்சி. தமிழ் அரிச்சுவடியை மணலில் விரலால் எழுதிப் பழகிய சமூகம், பள்ளிக்கூடத்தில் ஒரு பிடி மண் இல்லாமல் செய்துவிட்டது.

மரம் வைப்பதற்குத் திருப்பூரில் துணைக்குப் பஞ்சமில்லை. ‘வனத்துக்குள் திருப்பூர்’ இயக்கம் 2015-லிருந்து பல லட்சம் கன்றுகளை இந்த வறண்ட மண்ணில் வளர்த்துக் காட்டியிருக்கிறது. நாவல், புங்கன், பூவரசு, இலுப்பை என்று நம் மரங்களாகவே தேர்ந்தோம். 2024 ஆகஸ்டு 17-ல் அத்திக்கடவு-அவிநாசித் திட்டம் நடைமுறைக்கு வந்து, 1,045 குளம் குட்டைகளுக்குப் பவானி ஆற்றின் உபரி நீர் வரத் தொடங்கியது. அறுபது ஆண்டுக்கு மேல் இந்தப் பக்கத்து விவசாயிகள் கேட்டுக்கொண்டிருந்த தண்ணீர். குட்டையில் தண்ணீர் நின்றால் கன்றும் பிழைக்கும், ஒருநாள் கிணற்று உப்பும் தணியும் என்று நம்புகிறேன்.

இப்போது அந்தக் கட்டடத்தில் படிக்கிற பிள்ளைகளைப் பற்றி. அவர்களில் பலருடைய பெற்றோர் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பனியன் வேலைக்கு வந்தவர்கள். எங்கள் ஊர்க்காரர்களின் பேரப்பிள்ளைகள் பெரும்பாலும் வேன் ஏறித் தனியார் பள்ளிக்குப் போகிறார்கள். கூட்டத்தில் ஒருவர் கேட்டார், நம் பிள்ளைகளே இல்லாத பள்ளிக்கு எதற்கு இவ்வளவு செலவு என்று. தலைமையாசிரியை கோபப்படவில்லை. “இங்க படிக்கற எல்லாரும் நம்ம பிள்ளைங்கதானுங்க. நாளைக்கு இந்த ஊர்ல இருக்கப்போறதும் இவங்கதான்” என்றார். கேட்டவர் மறுவாரம் இரண்டு லோடு செம்மண் அனுப்பினார். ஒடியா பேசி வளர்ந்த ஒரு சிறுமி தாழ்வான ஜன்னலோரம் தரையில் உட்கார்ந்து தமிழ்ப் பாடத்தைச் சத்தமாக எழுத்துக்கூட்டிப் படிப்பதை நான் கேட்டிருக்கிறேன். தரையில் உட்கார்ந்த பிள்ளைக்கும் காற்று படும் உயரத்தில் அந்த ஜன்னலை வைத்தவர் யாரென்று எந்தக் கல்லிலும் இல்லை. அவருக்குப் பிள்ளைகளைத் தெரிந்திருக்கிறது.

அரசு பணம் போடாமல் இல்லை. பேராசிரியர் அன்பழகன் பெயரிலான பள்ளி மேம்பாட்டுத் திட்டத்துக்கு ஐந்து ஆண்டுகளில் 7,000 கோடி ரூபாய் என்று 2022-ல் அறிவித்தார்கள். மக்கள் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போடும் ‘நமக்கு நாமே’ திட்டம் இருக்கிறது. 2022 டிசம்பரில் ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ வந்தது. பள்ளி மேலாண்மைக் குழுவில் முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கிடைத்திருக்கிறது. எல்லாம் நல்லவை. ஆண்டுக்கு ஒருமுறை ஒருவர் ஏணி வைத்து ஏறி ஓடு பார்ப்பதற்கு மட்டும் எந்தத் திட்டமும் கிடையாது. அதை ஊர்தான் செய்ய வேண்டும்.

இந்த வேலையில் இறங்கிய எங்கள் குழு அதற்கு ஒரு தீர்மானம் எழுதி வைத்திருக்கிறது. வைகாசியில் பள்ளி திறப்பதற்கு முன் ஒருமுறை, ஆடிக் காற்று ஓய்ந்ததும் ஒருமுறை கூரை பார்க்க வேண்டும். சட்டங்களுக்குக் கரையான் எண்ணெய், சுவருக்குச் சுண்ணாம்பு, இரண்டும் ஆண்டுதோறும். மிச்ச ஓடுகளைச் சமையல்கூடத்துக்குப் பின்னால் அடுக்கி வைத்திருக்கிறோம். கொத்தனாரிடம் ஊர் இளைஞர்கள் இரண்டு பேர் சுண்ணாம்பு வேலை பழகியிருக்கிறார்கள். தெற்குப் பக்கம் தெருச் சாக்கடை இன்னும் பள்ளிச் சுவரைத் தொட்டுக்கொண்டுதான் ஓடுகிறது. ஒன்றிய அலுவலகத்தில் மனு கொடுத்திருக்கிறோம். பல்லடம், காங்கயம், ஊத்துக்குளிப் பக்கங்களில் இதேபோல ஓட்டுக் கட்டடம் இருக்கிற ஊர்க்காரர்கள், இடிக்கும் பட்டியலில் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு நடை வந்து பார்த்துவிட்டுப் போங்கள். சுண்ணாம்பு எங்கே கிடைக்கும், ஓடு எங்கே கிடைக்கும் என்று சொல்கிறோம். வேண்டுமானால் எங்கள் பையன்களையும் அனுப்பி வைக்கிறோம்.