நகையும் அழுகையும்

போன வருஷம் ஜூலையில், என் அப்பாவின் சாவு பற்றி நான் எழுதிய கவிதையை அவருக்குப் படித்துக் காட்டினேன். பாதியில் அவர் சிரித்தார். அடக்க முடியாத சிரிப்பு. காகிதத்தை மடித்துக்கொண்டு வந்துவிட்டேன். நான்கு மாதம் அந்தப் பக்கம் போகவில்லை.

அவர் எங்கள் கிளையில் காசாளராக இருந்தவர். என் எழுத்துக்கு முதல் வாசகர். கட்டு எண்ணும்போது கட்டைவிரல் நழுவ ஆரம்பித்ததுதான் முதல் அடையாளம். மோட்டார் நியூரான் நோய் என்றார்கள். விருப்ப ஓய்வில் போனார். பிறகு பேச்சும் போயிற்று.

நவம்பரில் அவர் மனைவி கவுண்டருக்கு வந்தார். பென்ஷனுக்கு லைஃப் சர்டிபிகேட் தர வேண்டும். ‘அவரால வர முடியாது தம்பி, யாராவது வீட்டுக்கு வரணும்’ என்றார். பிறகு தயங்கி, ‘அன்னிக்கு நீங்க போனப்புறம் ராத்திரி பூரா அவர் தூங்கல. டிவியில சோப்பு விளம்பரம் வந்தாக்கூட அழறார். அது அவர் கையில இல்லேன்னு டாக்டர் சொல்றார்.’

பிறகுதான் இதைப் படித்துத் தெரிந்துகொண்டேன். சிரிப்பையும் அழுகையையும் உடலில் நிகழ்த்துவது மூளைத்தண்டு. மேல்மூளையிலிருந்து இறங்கும் நரம்புகள் அதைக் கட்டுக்குள் வைத்திருக்கின்றன. இந்த நோயில் அவை சிதையும்போது கட்டு அவிழ்ந்துவிடுகிறது. துக்கமில்லாமல் அழுகை வரும். துக்கத்துக்கு நடுவே சிரிப்பு வரும்.

தொல்காப்பியர் சொல்லும் எட்டு மெய்ப்பாடுகளில் முதல் இரண்டும் இவைதான். உள்ளத்தில் நிகழ்வது மெய்யில் புலப்படும் என்பது அதன் அடிப்படை. விமர்சனம் என்ற பெயரில் நானும் இந்தக் கணக்கைத்தான் போட்டு வந்திருக்கிறேன்: வெளியே தெரிவதை வைத்து உள்ளே இருப்பு எழுதுவது. அவர் விஷயத்தில் கணக்கு தப்பிவிட்டது.

இதற்கு நேர் எதிராக, உடல்தான் சிறைப்பட்டது, மனம் தீண்டப்படாமல் இருக்கிறது என்று சொல்லி ஆறுதல் அடைவதும் சரியில்லை. ஃப்ரான்ஸ் ரோசன்ஸ்வைக் 1922இல் இந்த நோயில் விழுந்தார். கையும் பேச்சும் போன பின்னும், மனைவியின் துணையோடு, 1929இல் சாகும்வரை மார்ட்டின் பூபருடன் சேர்ந்து ஹீப்ரு பைபிளை ஜெர்மனில் ஆக்கிக்கொண்டிருந்தார். ஆனால் இந்த நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குச் சிந்தனையிலோ நடத்தையிலோ ஏதாவது மாற்றம் வருகிறது. சிலருக்கு எதிலும் நாட்டமற்றுப் போகிறது. சிலர் பிறர் வலியை உணர்வதில்லை. ஒவ்வொருவரையும் தனியாகத்தான் அறிய வேண்டும்.

கைநாட்டு வாங்க நானே போனேன். என்னைப் பார்த்ததும் அழுதார். அதை நான் படிக்க முயலவில்லை. அவர் மனைவி எழுத்து அட்டையை எடுத்து வரிசை வரிசையாக விரலை நகர்த்தினார். வேண்டிய எழுத்தில் அவர் கண்ணை மூடுவார். கண்ணீர் நிற்காமல் வந்துகொண்டிருந்தது. நடுநடுவே அவர் மனைவி அதைத் துடைத்தார். கால் மணி நேரம் ஆயிற்று.

‘கடைசி வரி பொய்.’

வீட்டுக்கு வந்து கவிதையை எடுத்துப் பார்த்தேன். பொய்தான்.