ஏத்தங்காய் வறுப்போர்

நாகர்கோவில் வடசேரியில், கனகமூலம் சந்தையின் சந்தடி சற்றே தேய்ந்து அடங்கும் ஒரு தெருவில், ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸ், அதாவது வற்றல், போட்டு விற்கும் சிறிய கடைகளுள் ஒன்றின் பின்கட்டில், கடைக்காரரின் அனுமதி பெற்று ஆவணி மாதத்து ஒரு நாள் முழுவதும் உட்கார்ந்திருந்தேன். 1956 நவம்பர் 1 அன்று இம்மாவட்டம் தமிழகத்தோடு இணைந்த பின்னரும் திருவோணம் இங்கே விசேஷமாகவே கொண்டாடப்படுகிறபடியால், அந்தப் பருவத்தில் இக்கடைகளின் அடுப்பு ஓய்வதில்லை. வாழைக்குலை உள்ளே வருவது முதல் பொட்டலம் வெளியே போவது வரை எது எங்கே போய்ச் சேருகிறது என்பதைக் கண்ணாரக் கண்டு எழுதவேண்டும் என்பதே என் நோக்கம்.

தோலுரிப்பது பெண்களின் வேலை. காம்பையும் நுனியையும் அரிந்துவிட்டு, காயின் நெடுக்கே கத்தி முனையால் கீறி, தோலைச் சதையினின்றும் பெயர்த்தெடுத்து, கறை போவதற்காக மஞ்சளும் உப்பும் கலந்த தண்ணீரில் காயைப் போடுகிறார்கள். கீறல் ஒரு நூலளவு ஆழமானாலும் சதை தோலோடு போய்விடும். ஆகையால் இவ்வேலையில் வேகத்தைவிடக் கையடக்கமே பிரதானம். காயின் எடையில் மூன்றிலொரு பங்குக்கு மேல் தோல்தான் என்பதை நினைத்தால், அந்தத் தோலின் கதி என்ன என்ற கேள்வி அற்பமானதன்று. அதைக் கேட்டபோது, வயது முதிர்ந்த அம்மையார் ஒருவர் கத்தியை நிறுத்தாமலே, "தோலை யாரு சார் களைவா? பெரும்பயறு போட்டுத் துவரன் வச்சா ஒரு கறி லாபம்லா" என்றார். இளந்தோலாகப் பார்த்துப் பொறுக்கி அவரவர் வீட்டுக்கு எடுத்துக்கொள்கிறார்கள். எஞ்சியதைச் சாக்கில் கட்டி வைத்தால், மாலையில் ஆடு வளர்ப்பவர் ஒருவர் வந்து சைக்கிளில் ஏற்றிப் போகிறார். இதற்குப் பணம் கொடுப்பதும் இல்லை, வாங்குவதும் இல்லை.

சீனச்சட்டியின் முன் நிற்பவரை எல்லோரும் அண்ணாச்சி என்றே அழைக்கிறார்கள். காய்ந்த தேங்காயெண்ணெய்க்கு நேர் மேலே சீவுபலகையைப் பிடித்து, காயை அவர் சீவுகையில் வில்லைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் விழுகின்றன. பாதி வெந்ததும் உப்பும் மஞ்சளும் கரைத்த நீரைத் தெளிக்கிறார். எண்ணெய் சீறிப் பொங்கிப் பின் மெல்ல அமைகிறது. "சத்தம் ஒடுங்கணும், கேட்டியளா. ஒடுங்கும் முன்ன கோரிட்டா நாலு நாள்ல நமத்துப் போவும். பொறவு கொட்டத்தான் செய்யணும்." விற்பனையாகாமல் திரும்பி வரும் பண்டத்தைத் தடுப்பது அவர் காதுதான் என்று எனக்குப் பட்டது. இந்த வித்தையை இயந்திரத்தால் பெயர்த்துவிடலாம் என்று சொல்வோர் ஒரு நாள் அவருக்குப் பக்கத்தில் நிற்கவேண்டும் என்று விரும்புகிறேன்.

குலையின் மேற்சீப்புகள் முதலிலும் அடிச்சீப்புகள் பின்னும் முதிர்வதால், ஒரே குலையில் வற்றலுக்கு உகந்த காயும், இனிப்பேறிச் செங்காயானதும் கலந்தே வருகின்றன. செங்காய் எண்ணெயில் கறுக்கும். அதைப் பழுக்க விட்டுப் பக்கத்துத் தேநீர்க் கடைக்குப் பழம்பொரிக்காகக் கொடுக்கிறார்கள். அதற்கும் மிஞ்சிக் கனிந்தது வெல்லமும் நெய்யும் சேர்ந்து வரட்டியாகும், அல்லது பிரதமனாகும். உடைந்த வில்லைகள் தனிப் பையில் குறைந்த விலைக்குப் பள்ளிப் பிள்ளைகளின் கைக்குப் போகின்றன.

2022-ஆம் ஆண்டில் உலகில் வீணான உணவு ஏறத்தாழ 105 கோடி டன் என்றும், அதில் நூற்றுக்கு 28 பங்கு உணவகம் முதலிய உணவு வழங்கும் இடங்களில் வீணானதென்றும் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு கணக்கிட்டிருக்கிறது. அத்தனை பெரிய தொகையின் எதிரில் இந்தப் பின்கட்டு எம்மாத்திரம் என்று கேட்கலாம். ஆனால் இங்கே ஒவ்வொரு மிச்சத்துக்கும் அது மிச்சமாவதற்கு முன்பே ஓர் உரிமையாளர் இருக்கிறார். அந்த உரிமையாளர் நடந்தோ சைக்கிளிலோ வரக்கூடிய தூரத்தில் இருக்கிறார். பெரிய நிறுவனங்களுக்கு வாய்க்காத சௌகரியம் இதுவே என்பது என் துணிபு.

ஆயினும் ஓண வாரத்தில் இந்த ஒழுங்கு தளர்கிறது. அப்போது குவியும் தோலை ஆடுகளால் தின்று தீர்க்க இயலாது. மிகுதி மாநகராட்சி வண்டியேறிப் போகிறது. திடக்கழிவு விதிகள் மக்கும் குப்பையைத் தனியே பிரிக்கச் சொல்கின்றன. இங்கே அது பிரிந்தேதான் கிடக்கிறது. அதைப் பிற குப்பையோடு கலந்து குவித்தால் காற்றின்றி அழுகி மீத்தேன் வாயுவாகும். கடைகள் கூடிச் சாணத்தோடு சேர்த்துக் கலனில் இட்டால் அதே வாயு அடுப்பெரிக்கும். பண்டிகைக் காலத்துக்கென்றாவது சந்தையை ஒட்டி இப்படி ஒரு பொது ஏற்பாடு அவசியம் வேண்டும்.

மற்றொன்று எண்ணெய். திரும்பத் திரும்பக் காயும் எண்ணெயில் உண்டாகும் முனைவுச் சேர்மங்கள் நூற்றுக்கு 25 பங்கைத் தாண்டினால் அதில் பண்டம் பொரிக்கலாகாது என்ற விதி 2018 ஜூலை 1 முதல் அமலில் உள்ளது. அவ்வாண்டிலேயே, கழிந்த எண்ணெயைச் சேகரித்து பயோடீசலாக்கும் திட்டத்தையும் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் தொடங்கியது. அண்ணாச்சி ஒவ்வோர் ஈட்டுக்கும் பின் அடியில் தங்கும் துகள்களை அரித்தெடுக்கிறார்; அவை கரிந்தால் எண்ணெய் சீக்கிரம் கெடும். வற்றல் குடித்த அளவுக்குப் புதிய எண்ணெய் சேர்வதால் கழிவது சொற்பமே. அந்தச் சொற்பத்தை எடுக்க வண்டி அனுப்புவது எவருக்கும் கட்டுப்படியாகாது என்பதுதான் சங்கடம். தெருவிலுள்ள கடைகள் சேர்ந்து ஒரே இடத்தில் கேன்களை வைத்தால் என்ன என்று கடைக்காரரிடம் கேட்டேன். சற்று யோசித்தார்.

"எல்லாருமாச் சேந்தா நானும் தாறேன், சார். மாசத்துல ஒரு நாள் போதும். சரக்கு எறக்காத நாளாப் பாத்துச் சொல்லச் சொல்லுங்க."