தலை திரும்பிச்சா?

பி.காம். படித்தவனுக்கு இடுப்பு என்றால் பெல்ட் மாட்டுகிற இடம். எனக்கும் அவ்வளவுதான் தெரிந்திருந்தது. அதற்குள்ளே ஒரு பந்தும் ஒரு கிண்ணமும் இருக்கின்றன, இரண்டும் சரியாகப் பொருந்தாவிட்டால் குடும்பமே ஆடிப்போகும் என்று எனக்குப் பாடம் எடுத்தது என் மகள்தான். ட்யூஷன் ஃபீஸ்தான் கொஞ்சம் அதிகம்!

கல்யாணம் ஆகாத தம்பிகளே, 'இது பொம்பளைங்க சமாச்சாரம்' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். ஒரு காலத்தில் நானும் அப்படித்தான் புரட்டினேன்.

மகள் வயிற்றில் இருந்தபோது கடைசி மாதம் வரை தலை திரும்பவில்லை. சிசேரியன். ஆஸ்பத்திரியில் எடை பார்த்தார்கள், ரத்த குரூப் பார்த்தார்கள், பில்லை இரண்டு தடவை கூட்டிப் பார்த்தார்கள். இடுப்பை மட்டும் யாரும் பார்க்கவில்லை. பார்க்கச் சொல்ல எனக்கும் தெரியவில்லை. நான் ஸ்வீட் வாங்கப் போயிருந்தேன்.

பதினாலாவது மாதம் நடந்தாள். இடது பக்கம் சாய்ந்து சாய்ந்து, தேர் ஆடி வருகிற மாதிரி ஒரு நடை. வீட்டில் ஆளுக்கொரு தீர்ப்பு.

"நடை பழகுற குழந்தை அப்படித்தாண்டா இருக்கும்" என்றாள் அம்மா.

"எல்லாம் அப்பன் நடை" என்றார் மாமனார்.

"ஷூ சைஸை மாத்திப் பாரு மச்சி" என்றான் ஆபீஸ் நண்பன்.

இந்தத் தீர்ப்புகளிலேயே நாலு மாதம் போயிற்று. கடைசியில் ஒரு எலும்பு டாக்டர், எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். வலது பக்கம் தொடை எலும்பின் உருண்டைத் தலை, கிண்ணத்துக்குள் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. இடது பக்கம் கிண்ணம் காலி. உருண்டை வெளியே வந்து மேலே ஏறி நின்றது.

"பிறக்கிறப்போ தலை திரும்பிச்சா சார்?"

"இல்ல டாக்டர்."

"முதல் ஆறு வாரத்துல இடுப்புக்கு ஸ்கேன் எடுத்தீங்களா?"

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள்.

ஆபரேஷன். அப்புறம் மார்புக்குக் கீழிருந்து கால் வரை மாவுக்கட்டு. மூன்று மாதம்! ராத்திரியில் கட்டுக்குள்ளே அரிக்கும். உள்ளே எதையும் விட்டுச் சொறியக்கூடாது என்பது டாக்டர் உத்தரவு. ஹேர் டிரையரைக் குளிர்காற்றில் வைத்து ஊதுவேன். ராத்திரி ரெண்டு மணிக்கு "அப்பா... ஊது" என்று ஒரு குரல் வரும். அந்தக் குரலுக்கு முன்னால் பி.எஃப். லோன் எல்லாம் ஒரு கஷ்டமே இல்லை சார்.

அதே வருஷம் இங்கிலாந்தில் என் தங்கைக்கும் பெண் பிறந்தது. அதற்கும் தலை திரும்பவில்லை. மறுநாளே ஒரு மிட்வைஃப், அதாவது மருத்துவச்சி, வந்து குழந்தையின் இரண்டு முழங்காலையும் மடக்கி, மெல்ல அகட்டி, கதவுக் கீலைப் பார்ப்பது மாதிரி பார்த்தாராம். அங்கே பிறந்த 72 மணி நேரத்துக்குள் எல்லாக் குழந்தைக்கும் இந்தப் பரிசோதனை உண்டு. அதற்கென்று பயிற்சி எடுத்த மிட்வைஃபே செய்யலாம்.

கைக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. ஆனாலும் அந்த அம்மா விடவில்லை. 'தலை திரும்பாத குழந்தை' என்று எழுதி, ஐந்தாவது வாரம் ஸ்கேனுக்குத் தேதி வாங்கிக் கொடுத்துவிட்டார். ஸ்கேன் எடுத்ததும் அதற்கென்று படித்த இன்னொரு மிட்வைஃப்தானாம்.

"டாக்டரே வரலண்ணா! நர்ஸம்மா என்னத்தக் கண்டுபிடிக்கப் போறாங்கன்னு எனக்குக் கோவம்கூட வந்துச்சு. அஞ்சே நிமிஷம்... கிண்ணத்துக்கு ஆழம் பத்தலன்னு திரையில காட்டிட்டாங்க" என்றாள் தங்கை, வீடியோ காலில்.

கத்தி இல்லை, மயக்க ஊசி இல்லை. பாவ்லிக் என்ற செக் டாக்டர் பெயரால் வழங்குகிற ஒரு துணிப்பட்டை. காலை மடக்கி அகட்டி வைத்திருக்கும், அவ்வளவுதான். மூன்று மாதத்தில் பட்டையைக் கழற்றியாயிற்று.

இரண்டு குழந்தைக்கும் ஒரே கோளாறு. ஒரு பக்கம் ஐந்து நிமிஷ ஸ்கேனும் துணிப்பட்டையும். மறுபக்கம் ஆபரேஷன், மாவுக்கட்டு, லோன், என் மனைவியின் தூக்கம். ஐந்தொகை போட்டுப் பார்க்க பி.காம். தேவையில்லை.

அப்புறம்தான் நான் படிக்க ஆரம்பித்தேன். பச்சைக் குழந்தையின் அந்த உருண்டை இன்னும் குருத்தெலும்பாகவே இருக்குமாம். எக்ஸ்ரேயில் சரியாகத் தெரியாது, அல்ட்ராசவுண்டில் தெரியும். அதை அளக்கிற வழியை 1980-ல் சொன்னவர் கிராஃப் என்ற ஆஸ்திரிய டாக்டர். 1992-லிருந்து அந்த நாட்டில் பிறக்கிற எல்லாக் குழந்தைக்கும் இந்த ஸ்கேன் உண்டு. பெண் குழந்தை, தலை திரும்பாத குழந்தை, வீட்டில் யாருக்காவது முன்பே இருந்தது... இப்படிப்பட்டவர்கள் கூடுதல் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும். இன்னொன்று: கால் இரண்டையும் நீட்டி, துணியால் இறுக்கிச் சுற்றக் கூடாது. பாட்டிகள் இரண்டு பக்கமும் கால் போட்டு இடுப்பில் தூக்கிக்கொள்கிறார்களே, அது ரொம்ப நல்லது!

நம் நாட்டில் ஒன்றுமே இல்லை என்று சொல்லமாட்டேன். 2013-ல் மத்திய அரசு ஆரம்பித்த ராஷ்ட்ரீய பால் ஸ்வாஸ்த்ய கார்யக்ரம் பட்டியலில் இருக்கிற கோளாறுகளில் இதுவும் ஒன்று. பிரசவம் பார்க்கிற இடத்தில் இருக்கும் ஊழியர்களே, நர்ஸ் உட்பட, குழந்தையைப் பார்த்துக் குறித்து அனுப்ப வேண்டும் என்பது திட்டம். ஆனால், ஸ்கேன் மெஷின் நர்ஸ் கைக்கு வருவது இங்கே சுலபமில்லை. கருவில் ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்க 1994-ல் வந்த சட்டம், மெஷினைக் கட்டிக் காக்கிறது. அதைக் குறை சொல்ல மனசு வரவில்லை. அது காப்பாற்றுவதும் பெண் குழந்தையைத்தானே?

ஆனால், ஒரு கேள்வி கேட்டு ஒரு சீட்டு எழுத எந்தச் சட்டமும் குறுக்கே நிற்கவில்லை. டாக்டர் ரவுண்ட்ஸ் வருவார், போவார். குழந்தையைத் துடைத்துத் துணி மாற்றுகிற கை நர்ஸம்மாவுடையது. அந்தக் கைக்கு இதைச் சொல்லிக்கொடுத்து, "நீங்க சொன்னா ஸ்கேன்" என்று அதிகாரமும் கொடுத்திருந்தால், ராத்திரி ரெண்டு மணிக்கு நான் ஊதியிருக்க வேண்டாம்.

ரெண்டு மாதத்துக்கு முன் எங்கள் ஆபீஸ் ஜூனியர் மைசூர்பாகோடு ஓடிவந்தான். "சார், பொண்ணு பொறந்திருக்கு!"

"தலை திரும்பிச்சா?" என்றேன்.

என்னை ஒரு மாதிரி பார்த்தான். "இல்ல சார்... சிசேரியன்."

ஒரு பழைய வவுச்சரின் பின்பக்கம் 'ஆறு வாரத்துக்குள் இடுப்பு ஸ்கேன்' என்று எழ்திக் கொடுத்தேன். போன வாரம் மறுபடியும் மைசூர்பாகோடு வந்தான். "நார்மல் சார்!"

அதில் ஒரு துண்டை வீட்டுக்குக் கொண்டுபோனேன். என் மகளுக்கு இப்போது ஏழு வயது. இடது பக்கம் ஒரு தழும்பு, வருஷத்துக்கு ஓர் எக்ஸ்ரே. கேட் சத்தம் கேட்டதும் ஓடிவந்து கையிலிருந்ததைப் பிடுங்கிக்கொண்டாள்.

'ஓடிவந்து' என்பதை மட்டும் எனக்காக இன்னொரு தடவை படித்துவிடுங்கள்.