மூவர்க்கு மூன்று வழி

மகாராட்டிர மாநிலத்தில் கொரோனா தொற்று முதன்முதலாகக் கண்டறியப்பட்ட நகரம் புனே. அது 2020ஆம் ஆண்டு மார்ச்சு 9ஆம் நாள். அடுத்த சில நாள்களில் அந்நகரின் பள்ளிகள் மூடப்பட்டன. மார்ச்சு 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. உலகெங்கும் 150 கோடிக்கும் மேற்பட்ட மாணவர்களின் கல்வி தடைப்பட்டதாக யுனெஸ்கோ நிறுவனம் கணக்கிட்டது. பள்ளி மணி ஓய்ந்தது. கற்பிக்கும் பொறுப்பு வீட்டின்மேல் விழுந்தது.

வீடு பள்ளியாவது புனேக்குப் புதிதன்று. சாவித்திரிபாய் புலே தம் கணவர் சோதிராவ் புலேயிடம் வீட்டிலேயே எழுதப் படிக்கக் கற்றவர். பின்னர் 1848இல் இருவரும் அந்நகரின் பிடே வாடா என்னும் கட்டடத்தில் பெண்களுக்கெனப் பள்ளி தொடங்கினர். 1897இல் பிளேக் நோய் பரவியபோது நோயுற்றோர்க்குத் தொண்டு செய்த சாவித்திரிபாய், அந்நோய்க்கே தம் உயிரை ஈந்தார். அவர்க்கு வீட்டில் ஆசிரியராக இருந்தவர் கணவர். ஊரடங்குக் கால வீடுகளிலோ ஒரு தாய்க்கு இரண்டு, மூன்று மாணவர்கள். அவர்களுள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு வகை.

அத்தகைய வீடு ஒன்றை மனக்கண்ணால் காண்போம். தமிழர் பலர் வாழும் கட்கிப் பகுதியில் இரண்டே அறைகள் கொண்ட வீடு அது. தந்தை தொழிற்சாலைப் பணியாளர். மூத்த மகள் எட்டாம் வகுப்பு. நடுப்பிள்ளை ஐந்தாம் வகுப்பு. கடைக்குட்டி முதல் வகுப்பு. நடுப்பிள்ளைக்கு டிஸ்லெக்சியா என்னும் கற்றல் குறைபாடு உண்டு. ஒலியையும் எழுத்தையும் இணைத்து அறிவது அவனுக்குக் கடினம். கடைக்குட்டிக்கு ஆட்டிசம். வீட்டில் இருப்பது ஒரே ஒரு திறன்பேசி.

தொடக்கத்தில் தாய் பள்ளியை அப்படியே வீட்டிற்குள் கொண்டுவர முயன்றார். மூவரையும் வரிசையாக அமர வைத்தார். மூவர்க்கும் ஒரே நேரம், ஒரே அளவு பாடம் என வகுத்தார். அரைமணிக்குள் கடைக்குட்டி காதுகளைப் பொத்திக்கொண்டு அழுதான். நடுப்பிள்ளை வயிற்று வலி என்று சொல்லிப் புத்தகத்தை மூடினான். மூத்தவள் மட்டும் அமைதியாக இருந்தாள். மூவரையும் ஒன்றுபோல நடத்துவதே நேர்மை என்று தாய் எண்ணியிருந்தார். ஆனால் ஒரே அளவில் தைத்த சட்டை மூவர்க்கும் பொருந்துமா?

ஆட்டிசம் உடைய குழந்தைகள் பலர்க்கு நாளின் ஒழுங்கே ஊன்றுகோல். அடுத்து என்ன நிகழும் என்பது தெரிந்தால் அவர்கள் அமைதி பெறுவர். பள்ளி வண்டியும் வகுப்பறையும் திடீரென மறைந்துபோனதைச் சிறுவனால் புரிந்துகொள்ள இயலவில்லை. தாய் பழைய நாள்காட்டியின் பின்புறத்தில் தட்டு, புத்தகம், பந்து, பாய் எனப் படங்கள் வரைந்து, சுவரில் வரிசையாக ஒட்டினார். ஒரு வேலை முடிந்ததும் அதற்குரிய படத்தை அவனே எடுத்துப் பெட்டியில் இடுவான். பாடம் பத்து மணித்துளியே. அதுவும் புளியங்கொட்டைகளை எண்ணும் பாடம். அழுகை சிறிது சிறிதாகக் குறைந்தது.

நடுப்பிள்ளைக்கு வேறு வழி தேவைப்பட்டது. தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பி, ஒலியைச் சொல்லிக்கொண்டே விரலால் எழுத்தை வரையச் செய்தார் தாய். கண், காது, கை மூன்றும் சேர்ந்து கற்கும் இம்முறை இத்தகைய குழந்தைகளுக்கு உதவும் என்பர் சிறப்பாசிரியர். முற்காலத் தமிழகத்தின் திண்ணைப் பள்ளிகளில் மணலில் விரலால் எழுதிப் பழகியதும் இவ்வாறே. ஒரு நாளில் ‘ல’கரம் மட்டும், மறுநாள் ‘ள’கரம், ‘ழ’கரத்திற்கு ஒரு கிழமை. அக்காள் படித்துக் காட்டிய அறிவியல் பாடத்தை அவன் ஒரு செய்தியும் விடாமல் வாய்மொழியாகத் திருப்பிச் சொன்னான். அறிவு அவனிடம் நிறையவே இருந்தது. அதனைத் தாளில் இறக்கும் வழிதான் கரடுமுரடாக இருந்தது.

தம்பியர் இருவர்க்கும் வழி பிறந்தது. மூத்தவள் என்ன ஆனாள்? அவளுக்குக் குறை ஒன்றும் இல்லை; ஆகவே அவளைப் பற்றி எவரும் கவலை கொள்ளவில்லை. தம்பிக்குப் படித்துக் காட்டுபவள் அவள். கடைக்குட்டியைத் தேற்றுபவளும் அவளே. திறன்பேசி தம்பியர் கைக்குச் செல்லும்போதெல்லாம் அவளுடைய கணக்கு வகுப்பு தவறியது. அவள் முறையிடவும் இல்லை. ஒருநாள் அவளது கணக்கு ஏட்டைப் புரட்டிய தாய், பல நாள்களாக அதில் ஒரு வரியும் எழுதப்படாமையைக் கண்டு திகைத்தார். அன்று முதல் விடியற்காலை ஒரு மணிநேரம் மூத்தவளுக்கே உரியதாயிற்று. தம்பியர் உறங்கும் அவ்வேளையில் திறன்பேசியும் தாயும் அவளுக்கு மட்டுமே. உதவி கேளாத பிள்ளைக்கும் உதவி தேவை என்பதே அவ்வீடு கற்ற பெரிய பாடம்.

வீட்டால் இயலாதனவும் பல. விளையாட்டுத் தோழர், பேச்சுப் பயிற்சி, சிறப்பாசிரியரின் வழிகாட்டல் ஆகியவற்றைச் சுவருக்குள் பெறுவது அரிது. திறன்பேசியே இல்லாத வீடுகளில் பாடம் அடியோடு நின்றது. அந்த இழப்பை ஈடுசெய்யத் தமிழ்நாட்டில் 2021 அக்டோபர் 27ஆம் நாள் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கப்பட்டது. தன்னார்வலர் மாலை வேளைகளில் குழந்தைகளைத் தேடிச் சென்று கற்பித்தனர். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் இயற்றப்பட்டது. அது கற்றல் குறைபாடு, ஆட்டிசம் உள்ளிட்ட 21 வகை இயலாமைகளைக் குறிப்பிடுகிறது. பிற மாணவரோடு சேர்ந்து கற்கும் வாய்ப்பை இக்குழந்தைகளுக்கு அளிக்கவும் வலியுறுத்துகிறது. ஆகவே இக்குழந்தைகளுக்குத் துணை நிற்பதைச் சலுகை எனக் கருதலாகாது. அது அவர்தம் உரிமை.

மகாராட்டிரத்தில் 2021 அக்டோபர் 4 முதல் பள்ளிகள் படிப்படியாகத் திறக்கப்பட்டன. நகரங்களில் 8 முதல் 12 வரையுள்ள வகுப்புகளுக்கே முதலில் அழைப்பு வந்தது. சிறுவர் மேலும் காத்திருந்தனர். பின்னர் அவர்களும் பள்ளி புகுந்தனர். இன்றும் ஒவ்வொரு வகுப்பறையிலும் எழுத்தோடு போராடும் ஒருவர் இருக்கக்கூடும். பேரொலி கேட்டுக் காது பொத்தும் ஒருவர் இருக்கக்கூடும். வீட்டில் தம்பி தங்கையரைப் பார்த்துக்கொண்டு, தன் பாடத்தை ஓசையின்றி இழக்கும் ஒருவரும் இருக்கக்கூடும். படிக்கத் திணறுபவரைக் கண்டு நகைக்காமல் காத்திருப்பது உடன் பயில்வோர் கடன். பேசாதிருப்பவரிடம் சென்று, “உனக்கு என்ன வேண்டும்?” என ஒரு சொல் கேட்பதும் அவர்தம் கடனே.