உருகி வந்த மழை

சென்னையிலும் குளிர்காலம் உண்டென்று சொன்னால் ஊட்டிக்காரர்கள் சிரிப்பார்கள். நுங்கம்பாக்கத்தில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 13.9 டிகிரிதான், அதுவும் 1895 டிசம்பரில். ஆனாலும் பாதரசம் இருபதைத் தொட்டாலே போதும், நந்தனத்தில் காலை நடைக்குக் கிளம்பும் பெரியவர்கள் குரங்குக் குல்லாவும் மஃப்ளருமாகத்தான் தெருவில் இறங்குவார்கள். எங்கள் குளிர்காலத்தை வெப்பமானியைவிடத் தண்ணீர் நன்றாகக் காட்டும். மார்கழியில் ஒரே வாரத்துக்குள் பனி, மூடுபனி, தூறல், கொட்டும் மழை, நடுவே சுள்ளென்று வெயில் என்று எல்லாம் வந்துபோகும்.

2024 ஜனவரியின் முதல் வாரம் அப்படித்தான் போனது. 3-ஆம் தேதி ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் புத்தகக் காட்சி தொடங்கியது. மிக்ஜாம் புயல் ஊரை மூழ்கடித்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. இனி மழை வராது என்று எல்லோரும் நம்ப விரும்பினோம். 8-ஆம் தேதி, திங்கட்கிழமை, மழையால் புத்தகக் காட்சிக்கே விடுமுறை விட வேண்டியதாயிற்று. வடகிழக்குப் பருவமழை அந்த வருடம் பொங்கலை ஒட்டித்தான் விடைபெற்றது.

அந்த மாதிரி நாட்களில் முதல் தகவல் ஸ்கூட்டர் சீட்டில் கிடைக்கும். சில காலைகளில் துணியால் துடைக்காமல் உட்கார முடியாது. சில காலைகளில் சீட் காய்ந்து கிடக்கும். "பனியில நிக்காதே, தலையில எறங்கும்" என்று அதட்டாத அம்மா கிடையாது. உண்மையில் இந்தப் பனி மேலிருந்து இறங்குவதே இல்லை. மேகமில்லாத இரவில் தரையும் இரும்பும் ரெக்சினும் தம் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிட்டு, சுற்றியுள்ள காற்றைவிடச் சீக்கிரம் குளிர்ந்துபோகின்றன. அவற்றைத் தொடும் காற்றிலுள்ள நீராவி அங்கேயே நீராகிவிடுகிறது. மரத்தடியில் நிறுத்திய வண்டி அதிகம் நனையாமல் இருப்பதும் இதனால்தான். வெப்பம் தப்பிப் போகாமல் இலைகள் மறித்துவிடுகின்றன. மேகமும் அதே வேலையைச் செய்கிறது. காற்று அசையாத நாளில், திறந்த வெளியில் நின்ற வண்டி காய்ந்திருந்தால் இரவே மேகம் வந்துவிட்டது என்று பொருள், குடையை எடுத்துக்கொள்ளலாம்.

நீராவி நீராவதற்குப் பற்றிக்கொள்ள ஏதாவது ஒன்று வேண்டும். கீழே சீட் கிடைத்தது. மேலே தூசு, புகை, வங்கக் கடல் அலைகள் தெறித்த உப்புத் துகள். இந்தத் துகள்களே இல்லாத தூய காற்றில் ஈரப்பதம் நூறு சதவீதத்தைத் தாண்டினாலும் துளி லேசில் உருவாகாது. போகியன்று பழைய பாயையும் டயரையும் கொளுத்தினால் விடிகாலையில் எதிரே வருகிறவர் முகம் தெரியாமல் போவதும், மீனம்பாக்கத்தில் விமானங்கள் தாமதமாவதும் வெறும் புகையால் மட்டுமல்ல. நாம் வாரி இறைத்த துகள்களில் மார்கழியின் ஈரம் வந்து ஒட்டிக்கொள்வதாலும்தான்.

ஆனால் மூடுபனி மழையாகிவிடாது. மேகத்துளியின் விட்டம் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு. விழ வேண்டும் என்றாலும் விழ முடியாத எடை; சிறு காற்று போதும், மிதந்துகொண்டே இருக்கும். அப்படிப்பட்ட துளிகள் ஏறக்குறைய பத்து லட்சம் சேர்ந்தால்தான் ஒரு சாதாரண மழைத்துளி. இந்தப் பத்து லட்சமும் அரை மணி, ஒரு மணி நேரத்துக்குள் எப்படி ஒன்றுசேர்கின்றன?

ஒரு வழி, மோதிச் சேர்வது. கடலோர மேகங்களில் பெரிய உப்புத் துகள்களைச் சுற்றிக் கொஞ்சம் பெரிய துளிகள் உருவாகும். அவை கீழிறங்கும்போது சின்னத் துளிகளை விழுங்கிப் பெருக்கும். தாழ்வான மேகங்கள் தரும் தூறலும், வந்த வேகத்தில் ஓடிவிடும் சிறு மழையும் இந்த வகை.

இன்னொரு வழியை 1922-இல் ஒரு ஸ்வீடன்காரர் காட்டு வழியில் நடக்கும்போது ஊகித்தார். டோர் பெர்யெரோன் அப்போது ஆஸ்லோவுக்கு அருகே ஒரு மலைச்சரிவில் தங்கியிருந்தார். உறைநிலைக்கு மேலே இருந்த நாட்களில் மூடுபனி மரங்களுக்கு இடையே தரைவரை இறங்கியது. கடுங்குளிர் நாட்களிலோ மரங்களில் வெண்பனி படிந்திருக்க, பாதையில் மூடுபனி விலகி நின்றது. காற்றிலுள்ள நீரைப் பனிக்கட்டி தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது என்று அவர் புரிந்துகொண்டார். பூஜ்யத்துக்குக் கீழே பல டிகிரி போன பிறகும் மேகத்துளிகள் உறையாமல் நீராகவே நிற்கும். அவற்றின் நடுவே ஒரு பனிப்படிகம் பிறந்துவிட்டால், துளிகளிலிருந்து ஆவியாகும் நீரெல்லாம் படிகத்தின் மேல் சேரும். துளிகள் மெலியும், படிகம் பருத்து விழத் தொடங்கும். கண்டங்கள் நகர்கின்றன என்று சொன்ன ஆல்ஃபிரட் வெகனர் இதே கருத்தை 1911-இலேயே தொட்டிருந்தார்.

நார்வே கதை நந்தனத்துக்கு எதற்கு என்று தோன்றலாம். சென்னைக்கு மேலே சுமார் ஐந்து கிலோமீட்டர் உயரத்தில், வருடம் முழுக்க, வெப்பநிலை பூஜ்யம்தான். அக்னி நட்சத்திரத்திலும் அப்படித்தான். கறுத்துத் திரண்டு வரும் இடிமேகமோ அதைப்போல இரண்டு மூன்று மடங்கு உயரம் ஏறிவிடும். அதன் மேல்பாதியில் பனிப்படிகங்கள் உருவாகி, ஒட்டி, விழுந்து, ஐந்து கிலோமீட்டர் மட்டத்தில் உருகி மழையாகின்றன. 2002 முதல் சென்னைத் துறைமுகத்தில் இருக்கும் டாப்ளர் ரேடார் போன்ற கருவிகளுக்கு இந்த உருகும் அடுக்கு தனியே பளிச்சென்று தெரியும். நந்தனத்தில் பனிப்பொழிவு கிடையாது என்கிறோம். உயர்ந்த மேகம் வரும் நாளிலெல்லாம் தலைக்கு மேலே பெய்துகொண்டுதான் இருக்கிறது. நம்மிடம் வருவதற்குள் உருகிவிடுகிறது, அவ்வளவுதான்.

விழும் துளி படங்களில் வரைவதுபோல மேலே கூராக இருக்காது. சின்னது உருண்டை, பெரியது அடி தட்டையாகி இட்லி வடிவம் எடுக்கும். ஐந்தாறு மில்லிமீட்டரைத் தாண்டினால் காற்றின் எதிர்ப்பில் உடைந்துபோகும்.

இதில் தெருவில் நிற்பவருக்குப் பயன்படும் செய்தி ஒன்று இருக்கிறது. ஐந்து மில்லிமீட்டர் துளி நொடிக்கு ஒன்பது மீட்டர் வேகத்தில் இறங்கும். ஒரு மில்லிமீட்டர் துளிக்கு நான்கு மீட்டர்தான். காற்று அசையாமல் இருந்தால் அந்த ஐந்து கிலோமீட்டரைக் கடக்கப் பெரியதற்கு ஒன்பது நிமிடம், சின்னதற்கு இருபது நிமிடம். அதனால்தான் பெருமழை வருமுன் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சொத்துச் சொத்தென்று கனத்த துளிகள் விழுகின்றன. நந்தனம் சிக்னலில் நிற்கும்போது ஹெல்மெட்டில் அப்படி இரண்டு விழுந்தால், "சும்மா தூறல்தான்" என்று அலட்சியமாக இருக்க வேண்டாம். முன்னால் ஓடி வந்தவை அவை. மிச்சமெல்லாம் பின்னால் வந்துகொண்டிருக்கின்றன. பச்சை விழுந்ததும் மெட்ரோ ஸ்டேஷன் வாசலில் ஒதுங்கிவிடுவது நல்லது.